போன சீட்டு திரும்பி வருமா?

கணக்கு சரி, காசு எங்கே?

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன். இருபத்தாறு வயது. இந்திரா நகரில் ஏதோ சாஃப்ட்வேர் வேலை. பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடிந்து கோவா என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நண்பர்களோடு போய்விட்டு வருவான். போன தடவை வந்து இறங்கியதும் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணா, எண்ணினது ஒண்ணுகூடத் தப்பல. ஆனா ஒன்பதாயிரம் போயிடுச்சு. மெஷின்ல ஏதாவது தில்லுமுல்லு பண்றாங்களா?”

அவன் மூன்று மாதம் உழைத்திருந்தான். ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, தினமும் ராத்திரி ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி, மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பழகியிருந்தான். பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டை எண்ணி அமெரிக்கக் கேசினோக்களை அலறவைத்தவர்களைப் பற்றிய ‘21’ என்ற 2008ஆம் ஆண்டுப் படத்தை நாலு தடவை பார்த்தவன். கோவாவில் அவன் தங்கிய ஓட்டலில் மேசை இல்லை, மெஷின் இருந்தது. திரையில் ஒரு பெண் சிரித்தபடி சீட்டுப் போட்டாள். சீட்டு அதே சீட்டு, விதி அதே விதி. எண்ணினான். எண்ணிக்கை சாதகமாக ஏறியபோதெல்லாம் பந்தயத்தை ஏற்றினான். ஆதாரத்துக்கு அந்தத் திரையைப் போனில் படமும் பிடித்து வைத்திருந்தான்.

மேசையில் பலித்த வித்தை மெஷினில் ஏன் பலிக்கவில்லை? அவன் கேட்டது நியாயமான கேள்விதான். மெஷின் ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாற்றவேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

ரம்மிக்காரப் பெரியம்மா

இதற்குப் பதில் தெரிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். என் பெரியம்மா. கணித வகுப்புப் பக்கம் போனதில்லை. தீபாவளி முடிந்த மத்தியானம், அல்சூர் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் ரம்மியில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. பதின்மூன்று சீட்டு ஆட்டம், இரண்டு கட்டு. நான் கிளாவர் ஏழுக்காகக் கையில் ஆறையும் எட்டையும் பிடித்துக்கொண்டு தவம் கிடப்பேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “ரெண்டு ஏழும் போயிடுச்சுடா, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க?” என்பார்.

இரண்டு கட்டில் கிளாவர் ஏழு இரண்டுதான். இரண்டும் விழுந்தாயிற்று. இனிமேல் ஆட்டம் முடியும்வரை அது வரப்போவதில்லை. கவனித்தவருக்கு இது தெரியும், கவனிக்காதவன் காத்திருப்பான்.

காசு சுண்டும்போது இப்படி இல்லை. ஐந்து தடவை தொடர்ந்து பூ விழுந்தாலும் ஆறாவது தடவைக்கு அது தெரியாது. காசுக்கு நினைவு கிடையாது. இப்படி ஒன்று நடந்தது அடுத்ததைப் பாதிக்காதவற்றைப் பாடப்புத்தகம் ‘சாரா நிகழ்ச்சிகள்’ என்கிறது. சீட்டுக்கட்டு அதற்கு நேர்மாறு. கீழே விழும் ஒவ்வொரு சீட்டும், கட்டில் மிச்சமிருப்பதன் ஜாதகத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுப் போகிறது. இவை ‘சார்ந்த நிகழ்ச்சிகள்’. நான் எளிமையாக, கட்டுக்கு நினைவு உண்டு, காசுக்கு இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். சிகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள்மேல் போட்ட வழக்கு 1968இல் அங்கே போனது. ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, எந்தெந்தச் சீட்டு விழுந்தது என்பதை ஆடுபவர் நினைவில் வைக்கவேண்டியிருக்கிறது என்பது. பெரியம்மாவின் திறமைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோவா போகும்போது தேவைப்படும்.

இருபத்தொன்று

பிளாக்ஜாக்கின் விதி சின்னது. ஆட்டக்காரருக்கு இரண்டு சீட்டு, போடுபவருக்கு இரண்டு சீட்டு. கூட்டினால் 21க்கு முடிந்தவரை பக்கத்தில் வரவேண்டும், தாண்டக்கூடாது. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸ் ஒன்றாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். வேண்டுமானால் இன்னும் சீட்டு கேட்கலாம். 21ஐத் தாண்டினால் போச்சு.

முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்துவிட்டால் அதற்குப் பெயர்தான் பிளாக்ஜாக். மரபான மேசையில் அதற்கு ஒன்றரை மடங்கு தருவார்கள்: 100 ரூபாய் வைத்திருந்தால் 150. போடுபவருக்கு அது வந்தால் உங்கள் 100ஐ மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.

பிறகு கேசினோவுக்கு என்ன லாபம்? முதலில் ஆடுவது நீங்கள். நீங்கள் 21ஐத் தாண்டிவிட்டால் பணம் அங்கேயே போய்விடும். அதற்கப்புறம் போடுபவரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. இந்த ஒரு ஓரவஞ்சனைதான் கேசினோவின் சோறு. இப்படி ஆட்டத்தின் விதியே நடத்துபவருக்கு ஒதுக்கிவைக்கும் பங்கைக் ‘கடைப்பங்கு’ என்று அழைக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் எப்போது சீட்டு கேட்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று ஒரு உகந்த முறை உண்டு. அதன்படி பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கடைப்பங்கு அரை சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். 100 ரூபாய்க்கு 50 காசு. உலகத்தில் இவ்வளவு மலிவான சூதாட்டம் அதிகம் இல்லை.

இன்னொரு விதி முக்கியம். போடுபவருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. 16 வரை இருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே ஆகவேண்டும். 17 வந்தால் நிறுத்தவேண்டும். கட்டில் பத்துகள் நிறைய மிச்சமிருந்தால் அவர் 16இல் எடுத்துத் தாண்டிக் கவிழ்வார். சின்னச் சீட்டுகள் நிறைய இருந்தால் தப்பித்துக்கொள்வார். ஆக, மிச்சக் கட்டில் ஏஸும் பத்தும் அதிகமிருந்தால் நமக்கு நல்லது. 2 முதல் 6 வரை அதிகமிருந்தால் அவருக்கு நல்லது.

பையன் எண்ணியது இதைத்தான். 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு. பத்தோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழி. 7, 8, 9ஐக் கண்டுகொள்ளாதே. கூட்டல் பக்கம் 20 சீட்டு, கழித்தல் பக்கம் 20 சீட்டு. முழுக் கட்டும் தீரும்போது கணக்கு பூச்சியத்துக்கு வந்துவிடும். நடுவில் எண் ஏறியிருக்கிறது என்றால் சின்னது நிறையப் போய்விட்டது, பெரியது மிச்சம் என்று அர்த்தம். அப்போது பந்தயத்தை ஏற்று. எந்தச் சீட்டு போயிற்று என்று ஞாபகம் வைக்கவேண்டியதில்லை, ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வைத்தால் போதும். பெரியம்மா செய்ததைவிடச் சுலபமான வேலை.

1326 ஜோடிகள்

இனி ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். பேப்பர் பேனா போதும்.

ஒரே ஒரு கட்டு, 52 சீட்டு, நன்றாகக் கலைத்தது. அதிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தால் எத்தனை விதமான ஜோடி வரலாம்? முதல் சீட்டுக்கு 52 வழி, இரண்டாவதற்கு 51. பெருக்கினால் 2652. ஆனால் ‘ராஜா, ஏஸ்’ என்று வந்தாலும் ‘ஏஸ், ராஜா’ என்று வந்தாலும் கையில் இருப்பது ஒன்றுதான். பாதியாக்கினால் 1326 ஜோடி.

இதில் எத்தனை பிளாக்ஜாக்? ஏஸ் 4. பத்து மதிப்புள்ளவை 16. ஒவ்வொரு ஏஸும் ஒவ்வொரு பத்தோடும் சேரலாம்: 64 ஜோடி. 1326இல் 64 என்றால் ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை. 21 ஆட்டத்தில் 21 கைக்கு ஒன்று என்பது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க வசதி.

இப்போது ஆட்டம் நடக்கிறது. 26 சீட்டு விழுந்துவிட்டது. விழுந்தவற்றில் சின்னது 14, நடுத்தரம் 8, பத்து 4. ஏஸ் ஒன்றுகூட விழவில்லை. பையனின் கணக்கில் 14 கூட்டி 4 கழித்து, எண்ணிக்கை 10இல் நிற்கிறது. மிச்சமுள்ள 26 சீட்டில் சின்னது 6, நடுத்தரம் 4, பத்து 12, ஏஸ் நாலும் அப்படியே.

மறுபடி ஜோடிகளை எண்ணுங்கள். 26ஐ 25ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 325. பிளாக்ஜாக் ஜோடி, 4 தடவை 12, அதாவது 48. 325இல் 48! ஏழு கைக்கு ஒன்று. 21 கைக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது மூன்று மடங்கு நெருங்கி வந்துவிட்டது.

போடுபவருக்கும் அதே வாய்ப்புதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவருக்கு வந்தால் 100, நமக்கு வந்தால் 150. அந்த உபரி 50 ரூபாய்தான் நம் தரப்பு நியாயம். புதுக்கட்டில் அந்த உபரி, சராசரியாகக் கைக்கு 2 ரூபாய் 41 காசு பெறும். நம் பாதிக்கட்டில் 7 ரூபாய் 38 காசு. (இருவருக்கும் ஒரே சமயத்தில் பிளாக்ஜாக் வந்து சமனாவதை விட்டுவிட்டேன், கணக்கின் போக்கு மாறாது.) கைக்கு ஐந்து ரூபாய் ஏறிவிட்டது. அரை ரூபாய் கடைப்பங்கு இதற்கு முன்னால் எம்மாத்திரம்? பந்தயத்தை ஏற்ற இதுதான் நேரம்.

இது கொஞ்சம் மிகையான உதாரணம் என்பதையும் சொல்லவேண்டும். நிஜத்தில் ஆறு கட்டு, எட்டு கட்டு சேர்த்து ஆடுவார்கள். இவ்வளவு சரிவு அபூர்வம். கைதேர்ந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்ணினால் மொத்தத்தில் ஒரு சதவீதம் அளவுக்குச் சாதகம் கிடைக்கும்.

அதே 26 சீட்டு மெஷினில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதே 14, 8, 4. பையனின் எண்ணிக்கை 10. அடுத்த கைக்குப் பொத்தானை அமுக்குகிறான். அடுத்த கையில் பிளாக்ஜாக் வர எத்தனை வாய்ப்பு?

1326இல் 64.

விழுந்த 26 சீட்டும் திரும்பக் கட்டுக்குள் போய்விட்டன. மெஷின் ஒவ்வொரு கைக்கும் முன்னால் முழுக்கட்டையும் புதிதாகக் கலைத்துவிட்டது. திரையில் தெரிந்தது சீட்டு. உள்ளே நடந்தது காசு சுண்டல். அவன் மூன்று மாதம் பழகி, பிசகாமல் எண்ணியது, காசு சுண்டலில் போன பூவையும் தலையையும். எண்ணிக்கை 10 என்பது உண்மைதான்; அதற்கும் அடுத்த கைக்கும் சம்பந்தமில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. எண்ணத் தெரியாதவன் சின்னப் பந்தயத்திலேயே ஆடிக் கொஞ்சமாகத் தோற்றிருப்பான். இவன் எண்ணத் தெரிந்ததால் பந்தயத்தை ஏற்றினான். கடைப்பங்கு சதவீதக் கணக்கு. ஏற்றினால் அதுவும் ஏறும். வித்தை தெரிந்ததற்குத்தான் அதிகம் கட்டினான்.

அவன் எடுத்த படத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த மெஷினில் பிளாக்ஜாக்குக்கு 150 இல்லை, 120. உபரி 50 ரூபாய் 20ஆகக் குறைந்தால், 2 ரூபாய் 41 காசு 97 காசாகிவிடும். கைக்கு ஒரு ரூபாய் 45 காசு கூடுதல் நஷ்டம். அரை சதவீதக் கடைப்பங்கு சத்தமில்லாமல் இரண்டு சதவீதத்தைத் தொட்டுவிட்டது. சில மெஷின்களில் உபரியே கிடையாது, 100க்கு 100தான். மெஷினில் சீட்டு அடுக்கவேண்டியதில்லை, சில்லு எண்ணவேண்டியதில்லை, வேகம் அதிகம். 100 ரூபாய்க் கை ஒன்றுக்கு 2 ரூபாய் வீதம், மணிக்கு 300 கை ஆடினால் 600 ரூபாய். தில்லுமுல்லு தேவையில்லை என்று சொன்னேன் அல்லவா?

சிப்பாய்களும் வாத்தியாரும்

சீட்டு எண்ணும் வித்தை சூதாடிகளிடமிருந்து வந்ததில்லை. 1956இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நாலு பேர், பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மாட், மேசைக் கணக்குப் பொறிகளைத் தட்டித் தட்டி பிளாக்ஜாக்குக்கு உகந்த முறையைக் கண்டுபிடித்து, ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்தார் எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர். அந்த நால்வர் முழுக்கட்டை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். தார்ப் கேட்டது வேறு கேள்வி: கட்டிலிருந்து சில சீட்டுகள் போய்விட்டால் என்ன ஆகும்? எம்.ஐ.டி.யில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் கையில் கிடைத்தது. சின்னச் சீட்டுகள் போகப் போக ஆட்டக்காரர் பக்கம் சாய்கிறது என்று அது சொன்னது. 1962இல் அவர் எழுதிய ‘பீட் தி டீலர்’ புத்தகம் அமெரிக்கா முழுக்க விற்றது. நம் பையன் கற்ற கூட்டல் கழித்தல் முறை, அதற்கு அடுத்த வருஷம் ஹார்வி டப்னர் என்பவர் சொன்னது.

கேசினோக்கள் பதறின. 1964இல் லாஸ் வேகாஸில் விதிகளை இறுக்கிப் பார்த்தார்கள். கூட்டம் குறைந்ததும் சில வாரங்களில் பழையபடி மாற்றிவிட்டார்கள். எண்ணத் தெரியாமல் எண்ணுவதாக நினைத்துக்கொண்டு வந்தவர்களின் பணம், எண்ணத் தெரிந்தவர்கள் கொண்டுபோனதைவிட அதிகம் என்று அப்புறம்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நயமான தடுப்புகள்: கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, பாதி ஆட்டத்திலேயே கலைத்துவிடுவது, எண்ணுகிறவர் என்று சந்தேகம் வந்தால் வாசலைக் காட்டுவது. நியூ ஜெர்சியில் கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கேசினோ தானாக வெளியேற்ற முடியாது என்று 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். தலையால் யோசிப்பது குற்றமா என்ற கேள்வி அது. கேசினோக்கள் அதற்குக் கண்டுபிடித்த பதில், விழுந்த சீட்டை உடனே வாங்கிக்கொண்டு கலைத்தபடியே இருக்கும் பெட்டி. போன சீட்டு சீக்கிரமே திரும்பி வந்துவிடும். மேசையிலிருந்து மெஷினுக்கு அது பாதி வழி.

பெட்டிக்குள் யார் கலைக்கிறார்கள்?

கையால் கலைப்பது அவ்வளவு சுத்தமான வேலை இல்லை. ரம்மி ஆடுகிற வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: போன ஆட்டத்தில் சேர்த்துவைத்த வரிசை, சோம்பேறித்தனமாகக் கலைத்தால் அடுத்த ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கட்டை இரண்டாகப் பிரித்து விரலால் கோத்துக் கலைத்தால், ஏழு தடவையாவது கலைத்தால்தான் பழைய ஒழுங்கு போகும் என்று பெர்சி டயகோனிஸும் டேவ் பேயரும் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். டயகோனிஸ் கணிதப் பேராசிரியராவதற்கு முன் மேடை மந்திரவாதி. கலைப்பதைப் பற்றிச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை.

மெஷினுக்கு விரல் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு எண் ஊற்று. எந்த எண் அடுத்து வரும் என்று ஊகிக்க முடியாதபடி, எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும் நிரல் அது. இவற்றைச் ‘சமவாய்ப்பு எண்கள்’ என்கிறோம். வழக்கமாக இந்த ஊற்று யாரும் ஆடாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கிய கணத்தில் எந்த எண் நின்றதோ அதுவே உங்கள் சீட்டு. ‘நான் எழுந்து போனதும் அடுத்த ஆளுக்கு அடிச்சுது, அது என்னோடது’ என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உங்களுடையது இல்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்காது.

ஆனால் கணக்குப் போட்டு வருகிற எண் எப்படி ஊகிக்க முடியாததாக இருக்கும்? நல்ல கேள்வி. ஒரு குட்டி ஊற்று செய்வோம். ஏதாவது ஒரு எண்ணில் தொடங்கி, 21ஆல் பெருக்கி, 7 கூட்டி, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 17இல் தொடங்கினால் 64, 51, 78, 45, 52, 99 என்று போகும். பார்வைக்குத் தாறுமாறு. கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 7, 4, 1, 8, 5, 2, 9. ஒவ்வொரு தடவையும் மூன்று குறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே போகும்போது பத்து சேர்ந்துகொள்கிறது. ஒழுங்கு மறைந்திருந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. நல்ல ஊற்றுகள் இதைவிடப் பல மடங்கு சிக்கலானவை. ஆனாலும் தொடங்கும் எண், அதாவது ‘விதை’, தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்ததுதான்.

நினைவு வந்த மெஷின்

1994இல் கனடாவின் மான்ட்ரியால் கேசினோவில் ஒருவர் கீனோ என்ற எண் குலுக்கல் ஆட்டத்தில், மெஷின் எடுக்கும் 20 எண்ணில் 19ஐச் சரியாகச் சொன்னார். ஒரு தடவை இல்லை, தொடர்ந்து மூன்று ஆட்டம். 6,20,000 கனடிய டாலர். கேசினோ பணத்தைக் கொடுக்காமல் விசாரணை நடத்தியது. திருட்டு எதுவும் இல்லை. அந்த மெஷினின் எண் ஊற்று ஒவ்வொரு நாளும் அதே விதையிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. நேற்று வந்த வரிசையே இன்றும் வந்தது. வந்த எண்களைப் பொறுமையாகக் குறித்துவைத்துப் பார்த்தவருக்கு அது புலப்பட்டுவிட்டது. கடைசியில் முழுப்பணமும் கொடுத்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 1999இல், இணையச் சீட்டாட்டத்தில் இன்னொரு ஓட்டை வெளிப்பட்டது. ஒரு போக்கர் நிறுவனம், தன் நேர்மையைக் காட்ட, கலைக்கும் நிரலையே எல்லாரும் பார்க்க வெளியிட்டது. 52 சீட்டை அடுக்கும் விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்பதை விதையாக எடுத்தது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிதான். ஆக, 68 இலக்கக் கடலிலிருந்து அது மொண்டுகொண்டிருந்தது அவ்வளவுதான். கடிகாரத்தைச் சர்வர் கடிகாரத்தோடு ஒத்துவைத்தால் அதுவும் சில லட்சங்களாகச் சுருங்கிவிடும். ஐந்து சீட்டைப் பார்த்ததும் மீதி 47ஐயும் கணினியால் சொல்ல முடியும் என்று மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் செய்தே காட்டினார்கள். உடனே சரிசெய்யப்பட்டது.

இந்த இரண்டு கதையையும் பையனிடம் சொன்னபோது அவன் கண் மின்னியது. அதனால் இதையும் சொல்லிவிடவேண்டியதாயிற்று. அவை சீட்டு எண்ணிய கதைகள் இல்லை. விதையைக் கண்டுபிடித்த கதைகள். மெஷினுக்கு நினைவு இருக்கக்கூடாத இடத்தில் தவறுதலாக நினைவு இருந்துவிட்டது. இப்போது ஊற்றுகளைச் சோதனைக்கூடங்களில் சோதித்து அனுப்புகிறார்கள்.

நிலத்தில் திரை, ஆற்றில் சீட்டு

கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கேசினோ கிடையாது. பக்கத்தில் இருப்பது கோவா. அங்கே மேசையைத் தேடி மெஷினில் போய் உட்காரவேண்டி வந்ததற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது.

கோவா, டாமன், டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் 1976ஆம் வருஷத்தது. பெயருக்கேற்பச் சூதாட்டத்தைத் தடுத்தது. 1992இல் அதில் ஒரு சன்னல் திறந்தார்கள்: ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு விளையாட்டுகளும் ஸ்லாட் மெஷின்களும் நடத்தலாம். 1996இல் இன்னொரு சன்னல்: மேசையில் சீட்டுப் போட்டு ஆடுவதானால், கரையை விட்டுத் தள்ளிக் கப்பலில் ஆடலாம். பணஜியில் மாண்டவி ஆற்றில் விளக்கு ஜொலிக்க நிற்கும் கேசினோக் கப்பல்கள் அப்படி வந்தவை.

1968 தீர்ப்பை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த சீட்டை நினைவில் வைக்கும் திறமைக்கு இடமிருந்தால் அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்றது நீதிமன்றம். கோவாச் சட்டம் நிலத்தில் அனுமதித்ததோ, அந்த நினைவுக்கு வேலையே இல்லாத மெஷினை. நினைவு பலிக்கக்கூடிய மேசைக்குப் போகவேண்டுமானால் படகு ஏறவேண்டும். யாரும் இதைத் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். இருந்தாலும் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இணையத்தில் இந்த வித்தியாசமே இப்போது இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை செய்துவிட்டது.

சரி, படகு ஏறிவிட்டால்? அதுதான் பையனின் அடுத்த கேள்வி. மேசை, நிஜச் சீட்டு, கலைக்கும் பெட்டி இல்லை, பாதிக்கட்டுக்கு மேல் போடுகிறார்கள் என்று எல்லாம் கூடிவந்தாலும் கிடைப்பது அந்த ஒரு சதவீதம். சில்லு வாங்கும் தொகைக்கு 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. பத்தாயிரம் ரூபாய்ச் சில்லுக்கு நாலாயிரம் வரி உங்கள் தலையில் விழுந்தால், அதை ஒரு சதவீதத்தில் மீட்க நாலு லட்ச ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாகவேண்டும். 100 ரூபாய் வீதம் 4,000 கை. மணிக்கு 70 கை என்றால் 57 மணி நேரம், தூங்காமல்.

அதோடு போகாது. சூதாட்ட வெற்றிக்கு வருமான வரி 30 சதவீதம். தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. சனிக்கிழமை 50,000 ஜெயித்து ஞாயிற்றுக்கிழமை 48,000 தோற்றால் கையில் மிச்சம் 2,000. வரி 15,000. தார்ப் கோவாவில் பிறந்திருந்தால் வேறு ஏதாவது ஆராய்ச்சி செய்திருப்பார்.

திரையைப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாத் திரையும் ஒன்றில்லை. சில இடங்களில் நடுவில் நிஜ மனிதர் நிஜச் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவார். சுற்றி உட்கார்ந்தவர்கள் திரையில் பந்தயம் கட்டுவார்கள். அங்கே கட்டுக்கு நினைவு உண்டு. எண்ணினால் கொள்கையளவில் பலிக்கும். ஆனால் நீங்கள் எப்போது எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதைப் பைசா பாக்கியில்லாமல் அந்தத் திரை எழுதிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எண்ணுகிறீர்களா என்று அதுவும் எண்ணும்.

முழுக்க மென்பொருளாக உள்ள மெஷினிலும், ஆறு கட்டைக் கலைத்துப் பாதி தீரும்வரை அதையே ஆடும்படி நிரல் எழுத முடியாது என்றில்லை. எழுதினால் எண்ணலாம். ஒரு வரியில் கலைத்துவிட முடிகிறபோது அப்படி எழுத எந்தக் கேசினோவுக்கு மனம் வரும் என்பதுதான் கேள்வி.

ஆகவே மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவர் கேட்கவேண்டியது ‘இது ஏமாற்றுமா’ என்பதை அல்ல; ‘இது எப்போது கலைக்கிறது’ என்பதைத்தான். உதவிப் பக்கத்தில் அதைப் போட்டிருப்பார்கள்.

பையனின் போனை வாங்கி, அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். திரையின் அடியில், ‘பிளாக்ஜாக்குக்கு 6க்கு 5’ என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு ஆங்கில வரி இருந்தது: ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் சீட்டுகள் புதிதாகக் கலைக்கப்படும்.